நிலத்திற்கு ஏற்ற கருவி

1905இல் பீகாரின் புசாவில் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 நிலநடுக்கத்திற்குப் பின், 1936இல் தில்லிக்கு வந்தது. நம் புசா ரோடு அவ்வூரை நினைவூட்டுகிறது. அந்நிறுவனம் உருவாக்கிய கோதுமை வகைகள் சமவெளியிலும் மலையிலும் விளைகின்றன. அறுவடை முறையோ வேறுபடுகிறது.

பஞ்சாபின் சமவெளியில் அறுவடை இயந்திரமே கதிரை அறுத்து, அடித்து, தூற்றித் தருகிறது. சரிவில் அது சாய்ந்தால், மணிகள் சல்லடையின் ஒருபுறம் குவிந்து பதரோடு சிந்தும். அமெரிக்கக் குன்றுகளில், தன் உடலை மட்டமாக நிறுத்திக்கொள்ளும் இயந்திரங்கள் உள்ளன. சக்கரத்திற்கு மாற்றாகச் சங்கிலிப் பட்டை பூண்டவை வழுக்காமல் நிலத்தைப் பற்றும்.

உத்தராகண்டின் படிவயல்களோ மிகக் குறுகியவை. அங்குப் பெரும்பாலும் பெண்களே அரிவாளால் அறுத்துச் சுமக்கின்றனர். ஒருவர் தூக்கிச் செல்லத்தக்க சிறுகருவியே அவர்தம் சுமையைக் குறைக்கும்.

சிந்தனை வினா: பெரிய இயந்திரம் படிவயலுக்குப் பொருந்தாதது ஏன்?