மன்னார்ப் பார்களும் அரசின் காவலும்

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிற் கடற்றொழில் செய்வோர்க்குப் 'பார்' என்பது நாட்சொல்; கடலடியிற் பரந்து கிடக்கும் கற்றரையை அச்சொல் குறிக்கும். தீவிற்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை என்னும் ஊர்களுக்கு எதிரேயுள்ள பார்களிலேதான் முத்துச்சிப்பிகள் பற்றி வளர்ந்தன. அவற்றை ஆங்கில அரசு காத்த முறையை ஈண்டு ஆராய்வாம்.

சிப்பி முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டு செல்லும். ஆதலின் அரசு பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, முத்தின் விலையை மதிப்பிட்ட பின்னரே சலாபம், அஃதாவது முத்துக்குளிப்பு, நிகழுமென அறிவித்தது. கரைசேர்ந்த சிப்பிகளைக் குளிகாரர் மூன்று குவியலாக்குவர். அவற்றுள் ஒன்றை அவர்க்கென அலுவலர் சுட்டுவார். ஏனைய இரண்டும் அரசுக்கு. எக்குவியல் தமக்கு வருமென முன்னறியாமையால் அவர் மூன்றையும் ஒப்பவே பிரித்தனர். மூன்றில் இரண்டு பெரும்பங்குதான். எனினும் காத்தற்குரிய கூலி அதுவென அரசு கருதியது போலும்.

1892 தொடக்கம் 1902 வரை சலாபமே இல்லை. 1902இல் ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், மணல் மூடுதலும் திருக்கை முதலிய மீன்கள் தின்றலும் அழிவின் காரணங்கள் என்றார். பெரியபாரில் ஒட்டும் இளஞ்சிப்பிகள் தென்மேற்குப் பருவக்காற்றில் அள்ளுண்டு போவதால், அவற்றை வேறு பார்களுக்குப் பெயர்த்திடல் வேண்டுமென்றும் கூறினார்.

1903 தொடக்கம் ஆண்டுதோறும் சலாபம் நிகழ்ந்தது. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது. மறு ஆண்டிலேயே, ஆண்டுக்கு 3,10,000 ரூபாவாக 20 ஆண்டுக்குப் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாயின. 1907க்குப் பின் கம்பனிக்குச் சிப்பி கிட்டவில்லை. தவணை முடியுமுன்னரே அது கலைந்தது. 1925இல் அரசு மீண்டும் ஒரு சலாபம் நடத்தியது. பழைய செல்வம் திரும்பவில்லை.

கம்பனியையே குறைகூறுவாருளர். நாம் அதற்கு உடன்படோம். குத்தகைக்கு முந்திய மூன்று ஆண்டும் இடைவிடாது அள்ளியது அரசேயன்றோ? சோதித்துப் பார்த்து மறுக்கும் அதிகாரத்தைத் தன் கையில் வைத்திருந்தோர், விளைவு மிகுந்தவிடத்து அதனை மறந்தனர் என்பதே நம் துணிபு. கடலின் போக்கும் உடன் சேர்ந்திருக்கலாம். இளஞ்சிப்பி எப்பாரில் ஒட்டுமென்பது எவர் ஆணைக்கும் அடங்குவதன்று.

2017ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அடித்தரையைச் சுரண்டிச் செல்லும் அம்மடிக்குக் குஞ்சும் முதிர்ந்ததும் ஒன்றே. ஆங்கே சோதிக்கவும் மறுக்கவும் வேண்டியவர் மீண்டும் அரசினரே; அவர் இரவிற் கடல்மேல் நின்றனரோ இலரோ என்பதனை, அறுந்த வலையோடு விடியலிற் கரைசேரும் மீனவர் நன்கறிவர்.