சுருங்கும் காணொலி, வளரும் மென்பொருள்

உயர்தெளிவுக் காணொலியின் ஒவ்வொரு படச்சட்டத்திலும் 1920 × 1080 படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 சட்டங்கள் எனக் கொண்டால், சுருக்காத நிலையில் ஒரு நொடிக் காட்சிக்கே 15 கோடி பைட்டுகளுக்கு மேல் தேவைப்படும். மாறாத பகுதிகளை மீண்டும் பதியாமல், மாற்றங்களை மட்டும் பதிந்து இச்சுமையைக் குறைப்பதே காணொலிக் குறியாக்கத்தின் அடிப்படை.

2003ஆம் ஆண்டு எச்.264 என்னும் தரநிலை வெளியானது. சுருக்கிய கோப்பை விரித்துக் காணும் முறையையே அது வரையறுத்தது. சுருக்கும் வழியை மென்பொருள் வல்லுநரின் திறனுக்கு விட்டுவிட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்தி வளர்ந்ததே எக்ஸ்264 என்னும் திறந்தமூல மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். வானம், சுவர் போன்ற சீரான பரப்புகளில் தோன்றும் சிதைவு கண்ணுக்கு எளிதில் புலப்படும். எனவே, அப்பகுதிகளுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கும் முறை அதில் சேர்க்கப்பட்டது. பார்ப்போரின் கருவி மாறவில்லை. காட்சியின் தரம் உயர்ந்தது.

2018இல் உரிமத்தொகை வேண்டாத ஏவி1 வடிவம் வந்தது. தொடக்கத்தில் அதன் குறியாக்கம் மிக மெதுவாகவே நடைபெற்றது. 2019இல் இன்டெல் நிறுவனம் எஸ்விடி-ஏவி1 மென்பொருளின் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. கணினிச் செயலியின் பல கருக்களுக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கும் அம்மென்பொருள், பலரின் பங்களிப்பால் பதிப்புக்குப் பதிப்பு விரைவு பெற்றது.

கோப்பு சுருங்கும்போது, இணைய வேகம் குறைந்த சிற்றூர் மாணவருக்கும் பாடக் காணொலி தடையின்றிக் கிட்டுகிறது. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் செம்மையாக்க இடம் தந்ததன் பயன் இது.