ஒரு சுவர் போதும்: வீட்டு விசேஷ அலங்காரத்தைத் தொழிலாக்க

வீட்டு விசேஷங்களுக்கு அலங்காரம் செய்வதைத் தொழிலாக எடுக்க நினைக்கிறீர்களா? முதலில் ஒரு பஞ்சாங்கம் வாங்குங்கள். திருச்சியில் இந்தத் தொழிலின் வரவையும் செலவையும் தீர்மானிப்பது முகூர்த்த நாள்தான். வேலை வருகிற அதே நாளில்தான் பூ விலையும் ஏறும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறையும்; தை பிறந்து கல்யாணங்கள் வரிசை கட்டும்போது விலை கேட்கவே பயமாக இருக்கும். ஆடியில், வெள்ளிக்கிழமைகளையும் பதினெட்டாம் பெருக்கையும் விட்டால், பூவும் மலிவு, வேலையும் கிடையாது. இது தெரியாமல் ஒரு மாதம் முன்பே ‘மொத்தமா இவ்வளவு’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், மல்லிகைக்குக் கைக்காசைத்தான் போட வேண்டும். ஆகவே மதிப்பீட்டுத் தாளில் பூவைத் தனி வரியாக எழுதி, ‘அன்றைய மார்க்கெட் விலைப்படி’ என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். இதற்கு வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டுக்கும் தினமும் பூ வாங்குகிறவர்தானே.

பூ வாங்கும் இடம் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட். எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கத்துத் தோட்டங்களின் மல்லிகையும் முல்லையும் வரும் இடம். ஆனால் சுவர் அலங்காரத்துக்கு மல்லிகை வேண்டாம். விலையும் அதிகம், மதியத்துக்குள் வாடியும் போகும். செண்டுமல்லி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, சம்பங்கி இவை நாள் முழுக்கத் தாங்கும். மல்லிகையைத் தலைக்கும் உருளிக்கும் விட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். புதிதாக வருகிறவர்கள் வீடு முழுக்க அலங்கரிக்கப் பார்க்கிறார்கள். கூடத்தில் தோரணம், மாடிப்படியில் ரிப்பன், ஜன்னலில் காகிதப் பூ, கதவில் பலூன். பணமும் நேரமும் சிதறும், ஒன்றும் கண்ணில் நிற்காது. விசேஷம் முடிந்து வாட்ஸ்அப்பில் சுற்றப்போவது ஒரே ஒரு சுவர்தான்: விசேஷக்காரர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவர். செலவில் முக்கால் பங்கு அங்கே போகட்டும். வாசலுக்கு மாவிலை, இரண்டு வாழைக்கன்று, செம்மண் இட்ட கோலம். அவ்வளவு போதும்.

எந்தச் சுவர் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரைக் கேளுங்கள். ஆயுஷ்ஹோமமோ, அறுபதாம் கல்யாணமோ, பெரும்பாலும் கிழக்குப் பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். அப்படியானால் உங்கள் திரை மேற்குச் சுவரில். காலை வெளிச்சம் நேரே முகத்தில் விழும் என்பதால் புகைப்படக்காரரும் சந்தோஷப்படுவார். ஹோமம் நடக்கும் கூடத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் துணித் திரையும் சாட்டின் ரிப்பனும் கூடவே கூடாது. பாய், தென்னங்குருத்துத் தோரணம், பூச்சரம் என்றாலும் குண்டத்தை விட்டு நன்றாகத் தள்ளியே கட்டுங்கள்.

முதலீடு என்று பார்த்தால், கழற்றி மாட்டக்கூடிய ஒரு இரும்புக் குழாய்ச் சட்டம்: எட்டடி அகலம், ஏழடி உயரம். எந்த வெல்டிங் பட்டறையிலும் அடித்துத் தருவார்கள். ஸ்ரீரங்கத்து வீடுகளில் இது கட்டாயம். உள்ளே நுழைந்ததுமே மாமி சொல்லிவிடுவார்: “ஏம்மா, சுவத்துல ஆணி கீணி அடிக்கப்படாது, கேட்டியா?” வாடகை ஃபிளாட்டில் இன்னும் கஷ்டம், இரட்டைப் பக்க டேப் ஒட்டி எடுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். சட்டம் இருந்தால் சுவரைத் தொடவே வேண்டாம்.

சட்டத்துக்கு உடுப்பு எது? முசிறிப் பக்கத்துக் கோரைப் பாய். நான்குக்கு ஆறடிப் பாய் இரண்டை நெட்டுக்குத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, நடு இணைப்பைச் சணல் கயிற்றால் தைத்தால் எட்டடிச் சுவர் தயார். முன்னால் ஒரு சாண் இடைவெளியில் செண்டுமல்லிச் சரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தாமரை மொட்டு. மொட்டின் கனத்தில் சரம் ஆடாமல் நேராக நிற்கும். சரங்களை முதல்நாள் இரவே கட்டி, தண்ணீர் தெளித்த வாழை மட்டைக்குள் சுருட்டி வையுங்கள். மஞ்சள் சீரியல் விளக்கைப் பாய்க்குப் பின்னால் போடுங்கள். கோரையின் இடுக்கு வழியாக ஒளி கசியும். பாயைத் துடைத்து வெயிலில் காயவைத்தால் அடுத்த வீட்டுக்கும் வரும்.

வளைகாப்புக்குப் பாய் பொருந்தாது என்று தோன்றினால் அந்த வீட்டுப் பாட்டியின் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். உறையூர்ப் பருத்திப் புடவை ஒன்றாவது கிடைக்கும். கரை தெரியும்படி மடித்துத் தொங்கவிட்டு, கண்ணாடி வளையல்களைச் சரமாகக் கோத்து முன்னால் விட்டால் செலவு வளையல் காசு மட்டும். விசேஷம் முடிந்ததும் வந்தவர்களுக்கே அந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். பாட்டி அன்று முழுக்க அந்தப் புடவையின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அது உங்களுக்கு இலவச விளம்பரம்.

‘தீம்’ கேட்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கார்ட்டூன் பொம்மை அச்சிட்ட பிளாஸ்டிக் செட்டை யாரும் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நீங்கள் எதற்கு? ஊரிலிருந்து எடுங்கள். ரயில் பிடித்த பையனா? நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்து கொடுத்தது நம் பொன்மலைப் பணிமனை. காந்தி மார்க்கெட்டில் பழைய அட்டைப் பெட்டி வாங்கி இன்ஜினும் பெட்டிகளும் செய்யுங்கள், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தின்பண்டம், மணப்பாறை என்று எழுதிய பெட்டியில் முறுக்கு. பெண் குழந்தைக்கு வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு நடை போய், நிஜமான நிறங்களைப் படமெடுத்து வந்து காகிதத்தில் வெட்டுங்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த அறுபது வயதுக்காரர் என்றால் எழுத்தாளர் சுஜாதாவின் கதைகளில் வரும் ஸ்ரீரங்கம் இருக்கவே இருக்கிறது: சாய்த்து வைத்த பழைய சைக்கிள், ஒரு டிரான்சிஸ்டர், அட்டையில் கரியால் வரைந்த மூன்று ஸ்டம்ப், வீட்டு ஆல்பத்திலிருந்து பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள். பூச்செலவே கிடையாது. வந்த நண்பர்கள் அந்த மூலையை விட்டு நகர மாட்டார்கள்.

அரசின் தடை விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். அலங்காரத்துக்கான தெர்மோகோல், பலூனுக்குச் செருகும் பிளாஸ்டிக் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர் எல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. ‘எல்லாரும்தானே போடறாங்க’ என்பது அபராதம் கட்டும்போது உதவாது. தெர்மோகோலுக்குப் பதில் அட்டை, வாழை நார், பனையோலை. 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில்தான் இருக்கிறது. வாழை நார்ப் பொருள்கள் பற்றி அங்கே விசாரியுங்கள்.

காஸ் பலூனை நான் எந்த வீட்டுக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். 2022 அக்டோபரில் மலைக்கோட்டைப் பக்கம் பலூனுக்குக் காஸ் நிரப்பும் சிலிண்டர் வெடித்து ஓர் உயிர் போனது, பலர் காயப்பட்டார்கள். கைப்பம்பில் ஊதிய பலூன் கூரையைத் தொடாது, அவ்வளவுதான் குறை.

இப்போது பணம். உதாரணத்துக்கு ஒரு வேலைக்கு 6,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். பூ, இலை 1,800, ஆட்டோ 500, உதவிக்கு ஓர் ஆள் 800, சட்டம், பாய், விளக்குத் தேய்மானம் 400. மீதி 2,500 உங்கள் கூலி. தேய்மானத்தை எழுதாமல் விடுகிறவர்கள் ஆறு மாதத்தில் புதுப் பாய்க்குக் கடன் வாங்குவார்கள். கழற்றி எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கட்டுவதற்கு ஆள் வருவார், கழற்றுவதற்கு வர மாட்டார். பாதித் தொகை முன்பணமாக வாங்காமல் பூவுக்குச் சொல்லாதீர்கள், சொந்தக்காரராகவே இருந்தாலும்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம், ஆனால் இரும்புச் சட்டத்துக்கும் நான்கு பாய்க்கும் கடன் எதற்கு என்று ஒரு தடவை யோசியுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் வேலை எடுத்தால் இன்னொன்றும் பாருங்கள். தேரோட்டம், வைகுண்ட ஏகாதசி நாள்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள் வண்டியை விட மாட்டார்கள். சாமான்களை முதல்நாளே இறக்கிவிடுங்கள்.

முதல் வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? கொலுவில். ஒன்பது நாளும் ஊரே வந்து பார்க்கும் அலங்காரம் வேறு எதுவும் இல்லை. தெரிந்த ஒரு வீட்டில் படிக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவை மட்டும் செய்து தருகிறேன் என்று கேளுங்கள், கூலி வேண்டாம் என்று சொல்லியே கேளுங்கள். தட்டில் மண் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தூவி நான்கைந்து நாள் முன்பே தண்ணீர் தெளித்து வந்தால் முதல்நாளுக்குப் புல்தரை தயார். பொம்மைக்குச் சிங்காரத்தோப்பு பூம்புகார் கண்காட்சி இருக்கிறது. பக்கத்தில் உங்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிய சின்ன அட்டை ஒன்று. சுண்டல் வாங்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் தையில் விசேஷம் இருக்கும். இதையெல்லாம் ஆவணிக்குள் பேசி முடித்துவிடுங்கள்; மகாளய பட்சத்தில் போய்க் கேட்டால் யாரும் சுபப் பேச்சு எடுக்க மாட்டார்கள்.