அவசரப்படுத்துவார்கள், நீ அவசரப்படாதே

அன்புள்ள தங்கைக்கு,

ஆடுகோடியில் லேசர் அறை திறந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. டாட்டூவை அழிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சிட்டிங்ல போகும் டாக்டர்?" அடித்துச் சொல்லிவிடாதே. லேசர் மையை நொறுக்குவதோடு சரி. நொறுங்கிய துகளை அள்ளிக்கொண்டு போவது உடம்பின் வெள்ளணுக்கள். அவற்றை யாராலும் விரட்ட முடியாது. ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடுவது அதற்குத்தான். தோல் நிறம், இடம், மையின் அளவு, நிறம், மேலே மேலே குத்தியது, தழும்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் கர்பி-தேசாய் அளவுகோல் (2009) தோராயக் கணக்கு தரும். அது உனக்கு, வந்தவருக்கு வாக்குறுதி அல்ல.

அவசரத்தின் விலை நம் தோலில்தான் தெரியும். கருப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் போதும். மெலனினை அதிகம் சீண்டாது. சிவப்புக்கான 532, மாநிறத்தில் மெலனினையும் சேர்த்துச் சுடும். ஓரத்தில் ஒரு புள்ளி சுட்டுப் பார்த்து, சில வாரம் பொறு. சுட்டதும் மை மேல் வெள்ளையாகப் பூக்கிறதே, அது ஆவிக் குமிழி. சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அது பூத்தால் போதும், ரத்தம் கசியும்வரை சக்தியை ஏற்றாதே. ஏற்றியவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன்: காதலியின் பெயர் கையில் அப்படியே இருந்தது, கருப்புக்குப் பதில் வெள்ளையில். வெள்ளைத் தழும்பை எந்த லேசரால் அழிப்பது? ஒரே நாளில் 20 நிமிட இடைவெளியில் நான்கு முறை சுடும் ஆர்20 முறை 2012இல் வந்தது. நம் தோலில் நான் அதைத் தொடுவதில்லை.

புருவத்தில், உதட்டில் குத்திய நிறம் என்றால் இன்னும் உஷார். இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த மை லேசர் பட்டதும் கருத்துப்போகலாம்.

ஊரில் குறவர் பெண்களிடம் குத்திக்கொண்ட பழைய பச்சை பெரும்பாலும் கரிதான், சீக்கிரம் மங்கும். ஆனால் பேத்தி இழுத்து வந்த பாட்டியானால், பேத்தியை வெளியே உட்காரவைத்துவிட்டு, அழிக்கத்தான் வேண்டுமா என்று பாட்டியிடம் கேள்.

ராணுவத்துக்குப் போகும் பையன்களும் வருவார்கள். முழங்கை உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டுவரை கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் டாட்டூ இருக்கலாம். மற்ற இடங்களில் பழங்குடியினருக்கு மட்டும் சலுகை. எங்கே இருக்கிறது என்று பார்க்கும்முன் தேர்வு என்றைக்கு என்று கேள். அடுத்த மாதம் என்றால் பணம் வாங்காமல் அனுப்பிவிடு. கொப்புளத்தோடு மருத்துவப் பரிசோதனையில் போய் நிற்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்