கரும்புகை ஏன்?

ஒரே வேகத்தில் சுழலும் டீசல் என்ஜின் உள்ளிழுக்கும் காற்று ஏறக்குறைய ஒரே அளவுதான். சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசல் பம்பின் வேலை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பம்பில், பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வான பள்ளம் ஒன்று உண்டு. பிளஞ்சரைச் சற்றே திருப்பினால், டீசல் அப்பள்ளத்தின் வழியே திரும்பி ஓடுவது தாமதமாகும். சிலிண்டருக்குள் கூடுதலாகப் பாயும்.

உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகைத் தளர்த்திவிட்டால் சக்தி பெருகுமே என்பீர்கள். பெருகும், ஓரளவே. 1 கிலோ டீசல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். கலப்பதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. ஆகையால் நடைமுறையில் இன்னும் அதிகக் காற்று தேவை. பற்றாவிட்டால் கரி புகையாக வெளியேறும். அதை ‘நல்ல இழுவை’ என்று மெச்சுவோரும் உண்டு! வெப்பம் மிகுந்து பிஸ்டனே உருகக்கூடும். டர்போசார்ஜர் பொருத்திக் காற்றையும் கூட்டிய பின்பே அத்திருகில் கை வைப்பார்கள்.