காய் பிடிக்காத பரங்கிக் கொடி

எங்கள் பள்ளித் தோட்டத்தில் பரங்கிக் கொடி நன்றாகப் படர்ந்து தினமும் பூத்தது. ஆனால், பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. “எங்க ஆயா போட்ட கொடி காய்ச்சிருக்கே டீச்சர், இங்க மட்டும் ஏன் காய்க்கல?” என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். உரம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தேன். வேலியோரம் தும்பையும் துளசியும் பூத்திருந்தன. முருங்கைப் பூவில் தேனீக்கள் மொய்த்தன. பள்ளியிலோ தும்பையைக் களை என்று பிடுங்கியிருந்தோம். காலை வேளையில் பூச்சிமருந்து தெளித்தோம். சுவர் விரிசலில் இருந்த கொசுத்தேனீக் கூட்டைச் சிமெண்ட் பூசி அடைக்கச் சொன்னதும் நான்தான். அவளது கேள்வியையே மகரந்தச் சேர்க்கைப் பாடமாக மாற்றினேன்.

செயல்பாடு 1: பூவை அறிதல்

பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போலச் சூற்பை இருக்கும். ஆண் பூவில் வெறும் காம்புதான். விடியலில் மலரும் பூ முற்பகலிலேயே சுருங்கிவிடும். மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது, காற்று கொண்டுசெல்லாது. எனவே, முதல் பாடவேளையிலேயே பூக்களைக் காட்டுங்கள்.

செயல்பாடு 2: மூன்று மொட்டுகள்

மறுநாள் மலரவிருக்கும் மூன்று பெண் மொட்டுகளை மாலையில் தேர்ந்தெடுக்கவும்.

1. முதல் மொட்டை மெல்லிய துணிப்பையால் மூடவும்.
2. இரண்டாவதை அப்படியே விடவும்.
3. மூன்றாவது மலர்ந்ததும், ஆண் பூவின் மகரந்தத்தை மாணவரே அதன் சூல்முடியில் தடவவும்.

ஒரு வாரம் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் முதல் இரண்டும் உதிர்ந்தன, மூன்றாவது காய்த்தது. உரம் என்ற என் விடை தவறு என்பதை மாணவர்களே நிறுவினார்கள்.

வீட்டுப் பணி

• துளசி, கொத்தமல்லிச் செடிகளில் சிலவற்றையாவது பூக்க விடுதல்.
• ஆழமற்ற தட்டில் கூழாங்கற்கள் போட்டு நீர் வைத்தல். நீரைத் தினமும் மாற்றுதல்.
• பூத்திருக்கும் செடிக்குப் பூச்சிமருந்து தவிர்த்தல். வேப்பெண்ணெய்க் கரைசலையும் மாலையில், பூவில் படாமல் தெளித்தல்.
• மண்ணில் கூடமைக்கும் தேனீக்களுக்காக ஒரு மூலையைக் கொத்தாமல் விடுதல்.

கவனம்

கொசுத்தேனீ கொட்டாது. ஆனால், மலைத்தேனீக் கூட்டின் அருகே மாணவர்களை விடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள். தேனீ கொட்டி மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்த ஆண்டு பள்ளிக் கொடியில் நான்கு காய்கள். சத்துணவுச் சாம்பாரில் சேர்ந்தன. அடைத்த விரிசலையும் திறந்துவிட்டோம். கொசுத்தேனீக்கள் இன்னும் திரும்பவில்லை. காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள்.