மரத்துப் போகும் விரல்கள்

பத்தாம் வகுப்பு மாணவி

இறைவன் மனிதருக்கு அளித்த கருவிகளுள் கைக்கு நிகரானது வேறில்லை. எழுதுவதும், தைப்பதும், மாவு பிசைவதும், செபமாலை மணிகளை உருட்டுவதும் அக்கையே. அந்தக் கை நடு இரவில் மரத்துப் போக, விழித்தெழுந்து அதை உதறிக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் பலர். "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துவிட்டு, விடிந்ததும் வழக்கமான வேலைக்குத் திரும்பி விடுகின்றனர். ஆனால் அது மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இதனை மருத்துவர்கள் 'கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம்' என்பர். மணிக்கட்டுக் குகை நோய் என்று நாம் சொல்லலாம்.

நோய் உண்டாகும் விதம்

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உள்ளன. அவை வளைந்து ஒரு பள்ளம்போல் அமைய, தடித்த நார்ப்பட்டை ஒன்று அதன்மேல் கூரையாக மூடியுள்ளது. இக்குகையின் வழியே விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடு நரம்பும் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினாலும், உடலில் நீர் கோத்தாலும் குகைக்குள் நெருக்கம் உண்டாகிறது. எலும்பும் பட்டையும் விரிந்து கொடுப்பதில்லை; எனவே மென்மையான நரம்பு நசுங்குகிறது.

அறிவது எப்படி?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப் போகும். ஊசி குத்துவது போலிருக்கும். சுண்டுவிரலின் நரம்பு இக்குகை வழியே செல்வதில்லை. ஆகவே சுண்டுவிரல் மட்டும் தப்பியிருப்பது நல்லதோர் அடையாளம். உறக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால் இரவில் தொல்லை மிகும். நாளடைவில் பொத்தான் போடுவது கடினமாகும். பிடித்த பாத்திரம் நழுவும்.

அமெரிக்க மருத்துவர் ஃபேலனின் பெயரால் வழங்கும் எளிய சோதனை ஒன்றுண்டு. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க 1 நிமிடம் வைத்திருக்க வேண்டும். விரல்கள் மரத்தால் ஐயம் வலுக்கும். ஆயினும் கழுத்தெலும்புத் தேய்வாலும் கை மரக்கக்கூடும்; ஆதலால் முடிவு கூற வேண்டியவர் மருத்துவரே.

யாருக்கு வரும்?

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. கர்ப்பிணிகள், நீரிழிவு, தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் உள்ளோர், மணிக்கட்டை மடக்கி இறுகப் பிடித்து ஒரே வேலையை நாள்தோறும் செய்வோர், அதிரும் கருவிகளைக் கையாள்வோர் ஆகியோர் கவனமாக இருத்தல் வேண்டும்.

தடுக்கும் வழிகள்

1. வேலையின்போது மணிக்கட்டை இயன்றவரை நேராக வைக்க வேண்டும்.
2. தொடர்ந்து செய்யும் வேலையை இடையிடையே நிறுத்திக் கைக்கு ஓய்வளிக்க வேண்டும்.
3. கனத்த போர்வைகளை ஒருவரே முறுக்கிப் பிழியாமல் இருவராகப் பிழியலாம்.
4. கையை மடித்துத் தலைக்கடியில் வைத்து உறங்கலாகாது.
5. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

சிகிச்சை

தொடக்க நிலையில், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் சில வாரங்கள் அணிவதே பலருக்குப் போதும். கர்ப்ப காலத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்திற்குப்பின் தணிந்துவிடும். குறையாவிடில் ஸ்டீராய்டு ஊசி போடுவர். அதற்கும் அடங்காதபோது, கையை மட்டும் மரக்கச் செய்து, நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் தருவர்.

காலம் தாழ்த்தினால் கட்டைவிரலின் அடிச்சதை சூம்பிவிடும். அதன்பின் அறுவை செய்தும் முழு வலிமை திரும்பாமற் போகலாம். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

சூம்பிய கையுடைய மனிதனை, ஓய்வுநாள் என்றும் பாராமல் நலமாக்கினார் நம் ஆண்டவர். கையின் அருமையை அவர் அறிந்திருந்தார். தோழியரே, நம் தாய்மார் தம் வலியைத் தாமே சொல்ல மாட்டார்கள். "அம்மா, இரவில் உங்கள் விரல்கள் மரக்கின்றனவா?" என்று இன்றே கேட்போம். "ஆம்" என்றால், நாமே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.